நெஞ்சு அறுவைக்குப் பிறகு வலியைச் சமாளிப்பது: நரம்பு பிளாக் பற்றிய முழுமையான வழிகாட்டி

என் பெரியப்பா மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் 30 வருடங்களுக்கு மேல் செம்பனைக் குலை வெட்டியவர். இடது நுரையீரலில் கட்டி என்று, விலா இடுக்கு வழியாக நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். மறுநாள் காலை நான் வார்டுக்குள் நுழைந்தபோது ஒரு மிஸ்ஸி (தாதி) அவரிடம், "அங்கிள், சாக்கிட் பெராப்பா?" என்று, வலி பத்துக்கு எத்தனை என்று, கேட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா இரண்டு விரலைக் காட்டினார். மிஸ்ஸி இரண்டு என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"பெரியப்பா, ஒரு தடவை இருமுங்க" என்றேன். அவரால் இரும முடியவில்லை. பாதியிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டில் கம்பியை இறுக்கினார். விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போனது. "இப்ப எத்தனை?"

"ஒம்போது இருக்கும் பாப்பா. அந்தப் பிள்ளை சும்மா படுத்திருக்கும்போதுதானே கேட்டுச்சு."

நான் தாதி. வலி நிவாரணக் குழுவோடு வார்டு வார்டாக நடந்திருக்கிறேன். பெரியப்பா சொன்ன மாதிரிப் பதிலை நம் தோட்டத்து ஆட்களிடம் அடிக்கடி கேட்டிருக்கிறேன். வலியைப் பொறுத்துக்கொள்வதைப் பெருமையாக நினைத்து வளர்ந்தவர்கள் நாம். நெஞ்சு அறுவையில் அந்தப் பெருமை ஆபத்து. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி அடியில் தங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், அப்புறம் நிமோனியா வரும். வலியை அடக்குவது மூச்சு விடுவதற்காக, இருமுவதற்காக, நடப்பதற்காக. கீழே உள்ள படிகளெல்லாம் அதற்குத்தான்.

வலி எங்கிருந்து வருகிறது

ஒவ்வொரு விலா எலும்பின் அடி ஓரத்திலும் ஒரு நரம்பு ஓடுகிறது. முதுகுத்தண்டிலிருந்து கிளம்பி, விலாவோடு சுற்றி, நெஞ்சின் முன்பக்கம் வரை வரும். விலாக்களை விரித்துச் செய்யும் பெரிய அறுவையில் இந்த நரம்பு நசுங்கலாம். கேமரா விட்டு, சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவையில் காயம் சிறியது, வலியும் குறைவு. ஆனால் வலியே இல்லை என்று சொல்ல முடியாது. இதய பைபாஸ் செய்பவர்களுக்கு நடு நெஞ்செலும்பைப் பிளப்பார்கள், அந்த வலி முன்பக்கம் இருக்கும். இதோடு, காற்றையும் நீரையும் வடிக்க விலா நடுவே வைத்திருக்கும் நெஞ்சுக் குழாய் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே உரசும்.

நரம்பு பிளாக் என்பது இந்த நரம்புகள் ஓடும் பாதையில் மரத்துப்போகும் மருந்தை விடுவது. புபிவாக்கேன், ரோபிவாக்கேன் போன்ற மருந்துகள். பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிறார்களே, அதே குடும்பம். வலிச் செய்தி மூளைக்குப் போகாமல் வழியிலேயே நின்றுவிடும். மார்ஃபின் போல ஆளைத் தூக்கத்தில் ஆழ்த்தாது, மூச்சை மந்தப்படுத்தாது. நெஞ்சு அறுவைக்கு இது இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் அதுதான். சில முறைகளில் மரப்பு மருந்தோடு மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் கொஞ்சம் சேர்ப்பார்கள். அப்போது தூக்கக் கலக்கத்தையும் கவனிப்பார்கள்.

எந்த பிளாக்?

எபிடூரல் பழையது, பலமானது. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே, முதுகுத்தண்டில் மெல்லிய குழாய் வைத்து, தொடர்ந்து மருந்து விடுவார்கள். இரண்டு பக்கமும் மரத்துப்போகும். இரத்த அழுத்தம் இறங்குவது, சிறுநீர் போக முடியாமல் போவது, அரிப்பு ஆகியவை இதில் அதிகம்.

பாராவெர்டெப்ரல் பிளாக் முதுகெலும்புக்குப் பக்கத்தில், அறுவை நடந்த பக்கம் மட்டும் போடுவது. ஹூகோ செல்ஹைம் 1905-இல் செய்த முறை. நடுவில் பலரும் மறந்திருந்தார்கள். 1979-இல் ஈசன், வையாட் இருவரும் மீண்டும் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். நெஞ்சின் ஒரு பக்க அறுவைக்கு எபிடூரலுக்கு ஈடாக வலியைக் குறைக்கிறது, அழுத்தம் இறங்குவதும் சிறுநீர்த் தொல்லையும் குறைவு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். சில அறுவை டாக்டர்கள் நெஞ்சு திறந்திருக்கும்போதே கண்ணால் பார்த்து இந்தக் குழாயை வைத்துவிடுவார்கள்.

எரெக்டர் ஸ்பைனே பிளாக் புதியது. 2016-இல் மௌரீசியோ ஃபொரேரோவும் சக டாக்டர்களும் எழுதிய முறை. முதுகை நிமிர்த்தும் தசைக்கு அடியில், எலும்பைத் தொடும் இடத்தில் மருந்து விடுவார்கள். ஊசி முதுகுத்தண்டுக்கும் நுரையீரல் உறைக்கும் தள்ளியே நிற்பதால் போடுவது எளிது, ஆபத்தும் குறைவு. 2013-இல் ரஃபேல் பிளாங்கோ குழுவினர் விவரித்த செரேட்டஸ் பிளாக், அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் போடுவது. கேமரா அறுவைக்கு இப்போதெல்லாம் பாராவெர்டெப்ரலும் எரெக்டர் ஸ்பைனேயும் முதலில் வருகின்றன. எபிடூரல் அதற்குத் தேவையில்லை என்பதே பொதுவான கருத்து. நடு நெஞ்செலும்பைப் பிளந்தவர்களுக்கு எலும்பின் இரு ஓரத்திலும் போடும் முறைகள் உண்டு. அறுவை டாக்டர் மூடுவதற்கு முன் ஒவ்வொரு விலா நரம்பிலும் நேராகப் போடும் ஊசியும் உண்டு, ஆனால் அது சில மணி நேரம்தான் நிற்கும்.

முதல் படி: மயக்க மருந்து டாக்டரைப் பார்க்கும் நாள்

அறுவைக்கு முன் ஒரு நாள் இந்தச் சந்திப்பு இருக்கும். நம்மவர்கள் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி வராதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். முக்கியமாக இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகள்: வார்ஃபரின், க்ளோபிடோக்ரெல், ஆஸ்பிரின். எபிடூரலோ பாராவெர்டெப்ரலோ போடவேண்டுமென்றால் முதல் இரண்டையும் சில நாட்களுக்கு முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நிறுத்துவதா, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஜாமு (மலாய் நாட்டு மருந்து), மூலிகைக் கேப்சூல், மூட்டு வலிக்கு யாரோ கொடுத்த பொடி, இவற்றையும் மறைக்காதீர்கள். இந்த மாதிரிச் சரக்குகளில் ஸ்டெராய்டு கலந்து விற்றதைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்து எச்சரித்திருக்கிறது. தெரியாமல் மாதக் கணக்கில் ஸ்டெராய்டு சாப்பிட்டவருக்கு அறுவை மேசையில் அழுத்தம் திடீரென்று இறங்கலாம்.

அப்புறம் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எனக்கு எந்த பிளாக் போடப் போகிறீர்கள்? ஒரே ஊசியா, குழாய் வைப்பீர்களா? பிளாக்கின் மரப்பு விட்டுப்போன பிறகு எனக்கு என்ன மருந்து? மூன்றாவதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் அதுதான் மிக முக்கியம். ஏன் என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

புகை பிடிப்பவர் தேதி தெரிந்த அன்றே நிறுத்தவேண்டும். அறுவைக்குப் பின் வரும் ஒவ்வொரு இருமலிலும் அதன் பலன் தெரியும்.

இரண்டாம் படி: பிளாக் போடும் நேரம்

சிலருக்கு விழித்திருக்கும்போதே, உட்கார வைத்து முதுகை வளைக்கச் சொல்லிப் போடுவார்கள். சிலருக்கு முழு மயக்கம் கொடுத்த பிறகு. குளிர்ந்த ஜெல் தடவி அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்து, திரையில் ஊசி போகும் பாதையைப் பார்த்துக்கொண்டே போடுவார்கள். விழித்திருந்தால் அசையக்கூடாது, இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். வாயைச் சுற்றி மரத்துப்போவது, நாக்கில் இரும்புச் சுவை, காதில் ரீங்காரம் வந்தால் அதையும் உடனே சொல்ல வேண்டும். மருந்து இரத்தத்தில் அதிகமாகக் கலந்ததற்கு அது அடையாளம். அதற்கு மாற்று மருந்தாக ஒரு கொழுப்புக் கரைசல் இருக்கிறது.

மூன்றாம் படி: வார்டில் முதல் இரண்டு நாள்

மலேசியச் சுகாதார அமைச்சு 2008-இல் வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகச் சேர்த்தது. நாடி, மூச்சு, காய்ச்சல், இரத்த அழுத்தம் பார்ப்பதுபோல வலியையும் 0 முதல் 10 வரை கேட்டு எழுதவேண்டும். அந்த எண்ணைச் சரியாகச் சொல்வது உங்கள் வேலை. இரண்டு எண்கள் சொல்லுங்கள்: சும்மா இருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை. கேட்காவிட்டாலும் இரண்டாவதைச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது மூன்றுக்குள் இருந்து, தலையணையை அணைத்துக்கொண்டு நன்றாக இரும முடிந்தால் பிளாக் வேலை செய்கிறது.

சோதித்துப் பார்க்க ஐஸ் கட்டி போதும். கையுறைக்குள் ஒரு ஐஸ் கட்டியைப் போட்டு முதலில் கன்னத்தில் வைப்பேன். "சில்லுன்னு இருக்கா?" அப்புறம் விலாவில் ஒவ்வொரு விரற்கடையாக இறக்கிக்கொண்டு வருவேன். கன்னத்தில் தெரிந்த குளிர்ச்சி எங்கே மறைகிறதோ அங்கிருந்து பிளாக் தொடங்குகிறது, எங்கே திரும்ப வருகிறதோ அங்கே முடிகிறது. பெரியப்பாவுக்கு அன்று காலை வைத்துப் பார்த்தபோது வெட்டுக்காயத்தின் மேல் பாதி முழுக்கக் குளிர் தெரிந்தது. முதுகில் பார்த்தால், குழாய் வெளியே நழுவி, பிளாஸ்டர் ஈரமாகியிருந்தது. மருந்தெல்லாம் படுக்கை விரிப்பில். குழுவைக் கூப்பிட்டதும் வந்து சரி செய்தார்கள், அரை மணி நேரத்தில் இருமினார். இரண்டு என்ற எண்ணை நம்பியிருந்தால் அன்று முழுதும் அப்படியே கிடந்திருப்பார்.

எனவே முதுகுப் பிளாஸ்டர் ஈரமாக இருக்கிறதா என்று கூட இருப்பவர் ஒவ்வொரு முறையும் பாருங்கள். குழாயில் மருந்து விடும் பம்ப் சத்தம் போட்டால் மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள்.

மலாய் சரியாக வராத பாட்டி தாத்தாக்களுக்கு இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வலி என்றால் சாக்கிட். மரத்துப்போனால் கெபாஸ். இருமல் பாத்தோக். மூச்சுத் திணறல் செசாக் நாஃபாஸ். குமட்டல் லோயா. அரிப்பு காத்தால். கால் பலமில்லை என்றால் காக்கி லெமா. கடைசிச் சொல்லை அடிக்கோடிடுங்கள். எபிடூரல் போட்டவருக்கு நெஞ்சு மரத்துப்போவது சரி. கால் கனத்துத் தூக்க முடியாமல் போனால் உடனே டாக்டர் பார்க்க வேண்டும்.

பிளாக் இருந்தாலும் மாத்திரை உண்டு. பாரசிட்டமால், அதாவது நம் பனடோல், 500 மில்லிகிராமில் இரண்டு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழ் இருந்தாலோ கல்லீரல் நோய் இருந்தாலோ அதைவிடக் குறைவு. ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கும் இந்தச் சேர்க்கையால்தான் மார்ஃபின் தேவை குறைகிறது. அழுத்தினால் மார்ஃபின் ஏறும் பட்டன் கொடுத்திருந்தால் நோயாளி மட்டுமே அழுத்தவேண்டும். பாசத்தில் மகளோ மகனோ அழுத்திவிட்டால், தூங்குகிற ஆளின் மூச்சு நின்றுபோகலாம்.

அறுவை நடந்த பக்கத்துத் தோள் வலித்தால் பயப்படாதீர்கள், பிளாக் தோற்றுவிட்டது என்றும் நினைக்காதீர்கள். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து வருகிறது. உள்ளே ஏற்பட்ட உறுத்தலை அது தோளில் காட்டும். நெஞ்சு பிளாக் அந்த உயரத்துக்கு எட்டாது. மாத்திரைக்குத்தான் கேட்கும், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் அடங்கும்.

மூன்று பந்து உள்ள மூச்சுக் கருவி கொடுப்பார்கள். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை, பத்து இழுப்பு. மெதுவாக இழுத்துப் பிடிக்கவேண்டும்.

நான்காம் படி: பிளாக் விட்டுப்போகும் நேரம்

பலரும் அவதிப்படுவது இங்கேதான். ஒரே ஊசியாகப் போட்ட பிளாக் பெரும்பாலும் 8 முதல் 12 மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரை நிற்கும். காலையில் அறுவை நடந்தால் இரவு விளக்கணைத்த பிறகு விட்டுப்போகும். அதுவரை வலி தெரியாததால் மாலை மாத்திரையை வேண்டாம் என்று சொல்லியிருப்பார். நடுச்சாமத்தில் வலி ஒரேயடியாக ஏறும். அப்போது போடும் மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரமாவது ஆகும்.

வலி இல்லாவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்து மாத்திரை சாப்பிடுங்கள். மரப்பு குறைந்து ஊசி குத்துவதுபோலக் கூச்சம் தொடங்கினால், வலிக்கக் காத்திருக்காமல் அப்போதே மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள்.

குழாய் வைத்தவர்களுக்கு அது பொதுவாக இரண்டு முதல் நான்கு நாள் இருக்கும். பம்பை நிறுத்தி, மாத்திரை கொடுத்து, சில மணி நேரம் பார்த்துவிட்டுக் குழாயை எடுத்தால் நல்லது. மாத்திரை போதவில்லை என்றால் பம்பை மறுபடி ஓட்டலாமே. இப்படிச் செய்வார்களா என்று கேட்பதில் தவறில்லை. வயிற்றில் இரத்தம் உறையாத ஊசி போட்டுக்கொண்டிருந்தால் எபிடூரல் குழாய் எடுக்க அந்த ஊசியிலிருந்து 12 மணி நேரமாவது இடைவெளி விடுவார்கள். நெஞ்சுக் குழாய் எடுக்கும்போதும் வலிக்கும். முன்னாடியே மருந்து கேட்டு வாங்குங்கள்.

எபிடூரல் எடுத்த பிறகு, வீட்டுக்கு வந்து சில நாள் ஆனாலும் சரி, கடுமையான முதுகுவலி, கால் பலமிழப்பு, சிறுநீர் போக முடியாமை, காய்ச்சலோடு முதுகுவலி, இவற்றில் ஒன்று வந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மிக அரிது. ஆனால் முதுகுத்தண்டில் இரத்தம் கட்டினால் மணிக் கணக்கில் முடிவெடுக்கவேண்டும். விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

ஐந்தாம் படி: வீடு திரும்பும் பயணம்

பெரிய மருத்துவமனையிலிருந்து தோட்டம் வரை நெடுஞ்சாலை பிரச்சினை இல்லை. கடைசியில் செம்பனைக்கு நடுவே போகும் குண்டும் குழியுமான செம்மண் சாலைதான் உயிரை எடுக்கும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை சாப்பிடுங்கள். சீட் பெல்ட் கட்டாயம், நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சின்னத் தலையணை. மோட்டார் சைக்கிள் வேண்டாம்.

ஆறாம் படி: வீட்டில்

முதல் வாரம் மாத்திரையை நேரப்படி. குறைக்கும்போது பலமானதை முதலில் விடுங்கள்: டிரமடோல் போன்றவை முதலில், கடைசியில்தான் பனடோல். டிரமடோல் மலச்சிக்கல் தரும், முக்கினால் நெஞ்சு வலிக்கும். தண்ணீரும் பப்பாளியும் போதாவிட்டால் மலமிளக்கி கேளுங்கள். பொன்ஸ்தான் என்ற வலி மாத்திரை எல்லா வீட்டு அலமாரியிலும் இருக்கிறது. இனிப்புநீர் இருப்பவர், சிறுநீரகம் பழுதானவர், வயிற்றுப் புண் உள்ளவர் டாக்டர் சொல்லாமல் அதைத் தொடவேண்டாம். சளிக் காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் பாரசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் எட்டைத் தாண்டிவிடும்.

உப்பு ஒத்தடம், வெந்நீர்ப் பை மரத்த இடத்தில் வைக்கக்கூடாது. சுடுவது தெரியாமல் தோல் வெந்துவிடும். கோடாலித் தைலம் காயத்தருகே வேண்டாம், உருவிவிடுவதும் வேண்டாம். தடவித்தான் ஆகவேண்டுமென்றால் கால் பாதத்தில் தடவுங்கள், மனதுக்காவது இதமாக இருக்கும்.

இருமல் வந்தால் கைலியை நான்காக மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். கையைத் தூக்காமல் வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். சுவரில் விரலால் ஏறுவதுபோலத் தினமும் கொஞ்சம் உயர்த்துங்கள்; கொடியில் துணி போடும் உயரம் வந்துவிட்டால் நல்ல முன்னேற்றம். தூக்குவது மட்டும் டாக்டர் சொல்லும்வரை கிடையாது. 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்), நிரம்பிய தண்ணீர் வாளி, பேரப்பிள்ளை, எதுவும் ஆறு வாரத்துக்கு வேண்டாம். நெஞ்செலும்பைப் பிளந்தவர்களுக்கு இன்னும் அதிகம்.

மூச்சுத் திணறல், காய்ச்சல், காயத்தில் சீழ், திடீரென்று கூடும் வலி: இவற்றுக்கு மாத்திரை போட்டு வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

ஏழாம் படி: மூன்று மாதத்துக்குப் பிறகும் வலித்தால்

விலாவைத் திறந்து அறுவை செய்தவர்களில் கணிசமானவர்களுக்கு மூன்று மாதம் தாண்டியும் வலி நிற்கிறது. காயம் ஆறிய பிறகும் எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோலச் சுரீர் என்பது, சட்டை பட்டாலே கூசுவது, இவை நசுங்கிய நரம்பின் வலி. பனடோல் இதற்குப் பெரும்பாலும் கேட்காது. கபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு மருந்துகள் உண்டு, சிலருக்கு மறுபடியும் பிளாக் போடுவார்கள். மூன்று மாதம் ஆகட்டும் என்று இருக்காமல், எரிச்சல் தொடங்கியதுமே சொல்லுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையத்தில்) கடிதம் வாங்கி வலி சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். செலாயாங் மருத்துவமனையில் அதற்கென்றே தனிப் பிரிவு உண்டு.

போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். நேரம், சும்மா இருக்கும்போது எத்தனை, இருமும்போது எத்தனை, என்ன மாத்திரை. பெரியப்பாவுக்கு ஏழாவது வாரம் சட்டை பட்டாலே எரிந்தது. பேத்தியின் பழைய பள்ளி நோட்டில் தினமும் எழுதச் சொல்லியிருந்தேன், எழுதியிருந்தார். அடுத்த சந்திப்பில் டாக்டர் "சாக்கிட் பெராப்பா?" என்று ஆரம்பித்ததும் நோட்டைத் திறந்து மேசையில் வைத்தார்.

"டுடோக் டியாம், டுவா. பாத்தோக், எம்பாட். பாஜு கெனா, லாப்பான்" என்றார். சும்மா உட்கார்ந்தால் இரண்டு, இருமினால் நான்கு, சட்டை பட்டால் எட்டு. அன்றே நரம்பு வலிக்கான மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள்.